முயலுக்கு ஒரு கிண்ணி மருந்து

கூகைமலைப் பாளையத்துல அறிவுக்குப் பஞ்சமே வந்ததில்ல. யாரும் எடுத்துச் செலவு பண்ணாத்தானே தீரும்.

அந்தப் பாளையத்தோட ராஜா எர்ரப்ப நாயக்கர், தூத்துக்குடிக்கு வந்த டச்சு வியாபாரிகிட்ட ஒரு ஜோடி துப்பாக்கி வாங்கினாரு. ஒண்ணு அவருக்கு, இன்னொண்ணு படைக்குத் தலைவரான தளவாய் கொண்டம நாயக்கருக்கு. சுண்டுவிரல் நுழையாத மெல்லிசுக் குழல். குண்டு பட்டாணி அளவுதான். வாய்ப்பக்கமா வெடிமருந்தப் போட்டு, மேல துணி சுத்தின குண்ட வச்சு, கம்பியால கெட்டிக்கணும். முயல், காடை அடிக்கன்னே செஞ்சது.

ஆனா அரண்மனைல ஒரு மரியாதை இருக்கே. ராஜா துப்பாக்கிக்கு வெள்ளிக் கிண்ணியால ஒரு கிண்ணி மருந்து. தளவாய்க்கு முக்கால். சிப்பாய்க்கு அரை. ஆனையைச் சாய்க்கிற பழைய பெருந்துப்பாக்கிக்கு எவனோ போட்ட கணக்கு. துப்பாக்கி இளைச்சுப்போச்சு, மரியாதை மட்டும் இளைக்கல.

விளைவு என்ன? வருஷா வருஷம் பாரிவேட்டைல ராஜா அடிக்கிற முதல் முயல முழுசா ஜக்கம்மாவுக்குப் படைக்கணும். முத வருஷம் அம்மனுக்கு ஒரு வால் கிடைச்சுது. மறு வருஷம் ஒரு பின்னங்கால். மீதி முயல் முள்ளுப் புதர்ல தெளிச்சு விட்டாப்ல கிடந்துச்சு. ராஜாவோட தோள்பட்டை வேற கத்திரிக்கா நிறத்துக்கு வீங்கி, பொங்கல் முழுக்க இடது கையாலயே ஆசீர்வாதம் பண்ணாரு.

துப்பாக்கிக்கு மருந்து கெட்டிக்கிற பேச்சிமுத்து ரெண்டு வருஷமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தான். சாமி, இந்தக் குழலுக்குக் கால் கிண்ணியே ஜாஸ்தி, தலையப் பாத்துச் சுட்டா முயல் தூங்கினாப்ல விழும், இப்படியே போட்டா ஒருநா குழலே பிளந்துரும்னு.

"ஏலே, சிப்பாய்க்கே அரை. ராஜாவுக்குக் காலா?" அப்படின்னாரு தளவாய். ராஜா மேல அவ்வளவு பாசம். ராஜா கால் கிண்ணிக்கு எறங்கினா தன்னோட முக்கால் எங்க போய் நிக்கும்கிற கவலையெல்லாம் அவருக்குத் துளிகூட இல்ல, நம்புங்க.

மூணாவது வருஷம் தளவாய் சபைல எந்திரிச்சு, குத்தம் துப்பாக்கில இல்ல, கெட்டிக்கிறவன் கையிலன்னு தீர்ப்பே சொல்லிட்டாரு. இந்தத் தடவை முயல் முழுசா வரலேன்னா பேச்சிமுத்தோட வலது கட்டைவிரல எடுத்துரணும். கிண்ணில ஒரு சிட்டிகை குறைஞ்சாலும் எடுத்துரணும். எப்படிப் பாத்தாலும் விரல் போறது உறுதி. இதுக்குப் பேரு நியாயம். தோள்வலில இருந்த ராஜாவும் தலைய ஆட்டிட்டாரு. விரல் போனா அவன் கம்பியையும் பிடிக்க முடியாது, சோத்தையும் அள்ள முடியாது.

அரண்மனைல ஓலை எழுதுற ராயசம் கோமதிநாயகம் அப்பத்தான் வாயத் தொறந்தாரு. அந்த மரியாதை எழுதின பழைய ஓலைய எல்லாரும் சொல்லுவாங்க, வாசிச்சவரு அவரு ஒருத்தர்தான். "மகாராஜா, ஓலைல உள்ளபடி ஒரு கிண்ணி, ஒரு சிட்டிகை குறையாம, நானே நின்னு போட வைக்கிறேன். குறைஞ்சா என் விரலையும் சேத்து எடுங்க. தளவாய் அய்யாவும் தன் முக்காலக் குறைக்காமச் சுடணும், அவ்வளவுதான்." தளவாய் சந்தோஷமா ஒத்துக்கிட்டாரு. ஒரு விரலுக்கு ரெண்டு விரல் கிடைச்சா யாருக்குத்தான் கசக்கும்.

வேட்டை அன்னிக்குக் காலைல எல்லாரும் பாக்க வெள்ளிக் கிண்ணி தலைதட்டி நிரம்புச்சு. பேச்சிமுத்து அதுல கால்வாசிய மட்டும் குழல்ல போட்டு, குண்ட வச்சுக் கெட்டிச்சு, ராஜா கையில குடுத்தான். புதர்லேருந்து முயல் எட்டிப் பாத்துச்சு. காஞ்ச விறகு முறிஞ்சாப்ல ஒரு சத்தம். தலையில பட்டு முயல் அப்படியே சாஞ்சுது. ராஜா தோளத் தொட்டுப் பாத்தாரு. வலிக்கல.

தளவாய் கிண்ணியப் பிடுங்கிக் காட்டினாரு. "முக்கால்வாசி மருந்து இங்கயே கிடக்கு. ரெண்டு பேரும் கைய நீட்டுங்க."

ராயசம் மடியிலேருந்து ஓலைய எடுத்து நிதானமா வாசிச்சாரு. "பாரிவேட்டைக்கு மன்னர் துப்பாக்கிக்கு மருந்து ஒரு கிண்ணி." அப்புறம் தளவாயப் பாத்தாரு. "வேட்டைக்கு ஒரு கிண்ணின்னு இருக்கு. ஒரு வெடிக்குன்னு எங்கய்யா இருக்கு? வேட்டை இன்னும் முடியல. கிண்ணியக் குடுங்க."

இன்னும் மூணு வெடி, வெடிக்குக் கால் கிண்ணி. மூணு முயல். கிண்ணி காலி. நாலு முயலும் ரோமம் கலையாமக் கிடந்துச்சு.

அடுத்து தளவாய் முறை. முக்கால் கிண்ணியையும் ஒரே வெடியாக் கெட்டிக்கச் சொன்னாரு. மரியாதைன்னா மரியாதைதான். மலை அதிர்ந்துச்சு. புகை கலைஞ்சப்ப தளவாய் மல்லாக்கக் கிடந்தாரு. அவரு சுட்ட முயலத் தேடித் தேடி ஆளுங்க அதோட ரெண்டு காதக் கொண்டாந்தாங்க.

அம்மனுக்கு முதல் முயல் முழுசாப் போச்சு. ராஜா அந்த வெள்ளிக் கிண்ணிய பேச்சிமுத்து கையில குடுத்து, இனிமே எந்தத் துப்பாக்கிக்கு எவ்வளவுன்னு நீதான் சொல்லணும், எனக்கும் சேத்துன்னாரு. கட்டைவிரலும் மத்த நாலு விரலும் சேந்தே அத வாங்கிக்கிச்சு.

விருந்துல அவங்கவங்க அடிச்சது அவங்கவங்க இலைக்கு வரணும், அதுவும் பாளையத்து வழக்கம். ராஜா இலைல கறி மணத்துச்சு. தளவாய் இலைல ரெண்டு காது மட்டும், வதக்கி, மிளகு தூவி.

"என்னய்யா ராயசம், தளவாய்க்கு வெறும் காதா?" அப்படின்னாரு ராஜா.

"ரெண்டு வருஷமா பேச்சிமுத்து சொன்னது அய்யாவுக்குக் கேக்கவே இல்லையே, மகாராஜா. பாவம், இருக்கிற ஜோடி பத்தல போல. அதான் இன்னொரு ஜோடி."

ராஜா தோள் குலுங்கக் குலுங்கச் சிரிச்சாரு. மூணு வருஷத்துல மொதத் தடவையா அந்தத் தோள் குலுங்குற நிலைமைல இருந்துச்சு.