நல்லதம்பியின் முழங்கால்

சங்கரலிங்கம் வீட்டில் நாலு பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். இன்றைக்கு அது யார் முறை என்ற தகராறில் அதுவும் சும்மாவே கிடக்கும். அப்பா சங்கரலிங்கம், அம்மா கனியம்மா, சித்தப்பா உலகநாதன், அப்புறம் நல்லதம்பி. அவனுக்குப் பதினேழு வயது, பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அந்த வீட்டிலேயே தான்தான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தான். மற்ற மூன்று பேரையும் பார்த்தால் அது ஒன்றும் பெரிய பெருமை இல்லை.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது. விதைக்கடை செண்பகம் மூன்று பொட்டலம் கொடுத்து, தெளிவாகத்தான் சொன்னாள்.

"முதல்ல மக்காச்சோளம் போடுங்க. அது முழங்கால் உயரம் வந்ததும் பக்கத்துல அவரையும் பூசணியும் ஊனுங்க. அவரை சோளத்தைப் பிடிச்சு ஏறும். பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கும். சோளக்கதிரோட குஞ்சம் காய்ஞ்சு பழுப்பானதும் பறிச்சுக்கலாம்."

சோளம் போட்டார்கள். நாலு விரல் உயரம் முளைத்ததும் கூட்டம் கூடியது.

"முழங்கால்னா யாரு முழங்கால்?" என்றார் அப்பா.

"என்கிட்ட ரெண்டு இருக்கு. ஆனா இடது பக்கம் வலி," என்றார் சித்தப்பா.

"வலிக்கிற காலை வச்சு அளந்தா காய் கசக்கும்," என்றாள் அம்மா. "நல்லதம்பியோடது புதுசு. அதையே வச்சுக்குவோம்."

நல்லதம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட அவனை எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை.

"பொறுங்க," என்றார் சித்தப்பா. "இவன் வளர்ற பய. சோளம் முழங்காலைத் தொடுறதுக்குள்ள முழங்கால் மேல போயிட்டா?"

எல்லாரும் வெலவெலத்துப் போனார்கள். அம்மாதான் முதலில் தெளிந்தாள்.

"தின்னாத்தானே வளருவான்?"

அவன் முன்னால் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து நீராகாரம் மட்டும். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும். நல்லதம்பி சோளத்தின் முன்னால் நின்று, "சீக்கிரம் வளரேன், சனியனே," என்று கெஞ்சுவான்.

நாலாம் நாள் அவனுக்கு யோசனை வந்தது. சோளம் மேலே வராவிட்டால் என்ன, முழங்கால் கீழே போகட்டுமே! சோளத்துக்குப் பக்கத்திலேயே குழி தோண்டி உள்ளே இறங்கி நின்றான்.

"எப்பா, வந்து பாரு! சோளம் முழங்காலைத் தாண்டிடுச்சு!"

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அவரை விதையும் பூசணி விதையும் ஊனினார்கள். நல்லதம்பி சாப்பிடுவதற்காக மேலே காலை வைத்தான்.

"ஏலே, ஏறாத!" என்று அலறினார் சித்தப்பா. "நீ ஏறினா சோளம் மறுபடியும் குட்டையாயிடும்!"

அந்த நியாயம் நல்லதம்பிக்கும் சரியாகவே பட்டது. அதுதான் கொடுமை. குழியில் நின்றபடியே மூன்று தட்டுச் சோறு தின்றான்.

சோளத்தின் வெயிலை அவன் மறைத்து நின்றதால் அது அதற்குமேல் வளரவில்லை. அவரைக்கு ஏற ஏதாவது வேண்டுமே. இருந்தது நல்லதம்பிதான். ஒரே மாதத்தில் கொடி அவன் தோளில் பூத்தது. பூசணி இலை குழியை மூடிவிட்டது.

அப்பா ஒருநாள் உற்றுப் பார்த்தார்.

"அவரை எதைப் பிடிச்சு ஏறும்னா செண்பகம்?"

"சோளத்தை."

"இது எதைப் பிடிச்சு ஏறியிருக்கு?"

"நம்ம நல்லதம்பியை."

"அப்ப நல்லதம்பி யாரு?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இத்தனை நாளா பெத்த பிள்ளைன்னுல்ல நினைச்சிருந்தேன்!"

"எம்மா, நான் சோளம் இல்லம்மா!"

"எந்தச் சோளம் தன்னைச் சோளம்னு ஒத்துக்கிச்சு?" என்றார் சித்தப்பா.

தட்டு மறுபடியும் உள்ளே போயிற்று. சோளத்துக்கு எதற்குக் குழம்பு? காலையில் ஒரு குடம் தண்ணீர், வாரத்துக்கு ஒரு கூடை சாணி.

"சரி, என்னை எப்பத்தான் பறிப்பீங்க?" என்றான் நல்லதம்பி.

"குஞ்சம் காய்ஞ்சு பழுப்பானதும்."

மூன்று பேரும் குனிந்து அவன் மூக்குக்குக் கீழே அரும்பியிருந்த மீசையை ஆராய்ந்தார்கள். சித்தப்பா விரலால் தடவிப் பார்த்தார்.

"கன்னங்கரேல்னு இருக்கு. இன்னும் முத்தல."

உள்ளேயிருந்து மீன் வறுக்கும் வாசம் வந்தது. நல்லதம்பி யோசித்தான். நல்லவேளை, அன்றைக்கு மூளை அவன் முறை.

"எம்மா," என்று மெதுவாகக் கூப்பிட்டான். "கொஞ்சம் மருதாணி அரைச்சு மீசையில பூசிவிடேன்."