இறக்கத்துக்குப் பெட்ரோல் வேண்டாம்

மலைமேல் ஒரு காப்பித் தோட்டம். அங்கே இருந்த ஒரே ஜீப் முதலாளி சதாசிவத்துடையது. பெட்ரோல் பங்க் இருபது கிலோமீட்டர் கீழே அடிவாரத்தில். அதனால் இறக்கத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். சாயங்காலம் டேங்க்கில் மூங்கில் குச்சி விட்டு அளவும் பார்ப்பார்.

ஒரு நாள் காலையில் பழம் பறித்துக்கொண்டிருந்த செவந்தியைக் கண்ணாடிவிரியன் கடித்தது. போன வருஷம் இன்னொரு கூலிக்காரி பேச்சியைப் பாம்பு கடித்தபோது தூளி கட்டித் தூக்கிப் போனார்கள். ஒன்பதாவது வளைவிலேயே அவள் மூச்சு நின்றுவிட்டது.

டிரைவர் ஒண்டிமுத்து ஜீப் சாவிக்காகக் கைகட்டி நின்றான்.

“கூலியாளுக்கெல்லாம் என் பெட்ரோலாடா?” என்றார் முதலாளி. பறிக்கிற பெண்கள் கூடி நின்று பார்த்தார்கள். “சரி, கொண்டு போ. குச்சியில ஒரு கோடு குறைஞ்சாலும் உனக்கு இங்கே வேலை இல்லை.”

“குறையாதுங்கய்யா.”

பெண்கள் நாலு பேர் ஜீப்பைச் சரிவு வரை தள்ளிவிட்டார்கள். இன்ஜின் முனகாமலே வண்டி அடிவாரத்து ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. உயிருக்குப் பயமில்லை, பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

மத்தியானம் முதலாளி போன் செய்தார். “மூணு மணிக்கு நான் கலெக்டரைப் பார்க்கணும். வண்டி எங்கடா?”

“கீழதாங்கய்யா இருக்கு. ஒரு சொட்டு குறையல. மேல ஏறினா குறையும், என் வேலை போயிடும்.”

“அப்ப நான் எப்படிடா கீழ வர்றது?” என்றார் முதலாளி.

“நடந்தே வந்துடுங்கய்யா, எல்லாம் இறக்கம்தான்,” என்றான் ஒண்டிமுத்து. “முடியலேன்னா, பேச்சியைத் தூக்கின தூளி கூலியாளுங்க லைன் வீட்டுல இருக்கு.”