நாயகம் அண்ணையின் கையில் வந்து நின்ற பந்து

கிட்ட வந்து இருங்கோ. இன்னும் கொஞ்சம் கிட்ட. இது பயத்தைப் பற்றின கதை. பயத்தைச் சத்தம் போட்டுச் சொன்னால் அது வீரக் கதையாகிவிடும்.

"எனக்குப் பயமாக் கிடக்கு, பிள்ளை" என்றார் நாயகம்.

தர்மினி எலுமிச்சை மரத்தில் காய் பிடுங்கிக்கொண்டு நின்றாள். திரும்பவில்லை.

"எதுக்குப் பயம்?"

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும் பயப்பிட உங்களுக்கு நேரம் கிடைக்குதோ, அண்ணை?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அருமைநாயகம் ஐம்பதைத் தாண்டின மனிதர். தெற்கே, ஆஸ்திரேலியாவில், ஏரிக்கரையில் கிடக்கிற ஒரு சின்ன ஊர்க் கிளப்புக்குப் பயிற்சியாளர். கால்பந்துதான். ஆனால் நாங்கள் அறிந்த உருண்டைப் பந்து இல்லை. முட்டையை இழுத்து நீட்டின மாதிரி ஒரு பந்து. நிலத்தில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அதுக்கே தெரியாது.

பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். உதைக்கலாம், பிடிக்கலாம், பிடித்துக்கொண்டு ஓடலாம். மற்றவனுக்குக் கொடுப்பதென்றால் எறியக் கூடாது. ஒரு கையில் ஏந்தி மறு கை முட்டியால் குத்திக் கொடுக்க வேண்டும்.

பந்து வைத்திருப்பவனைப் பாய்ந்து கட்டிப் பிடித்து விழுத்தலாம். அது சட்டம்.

பாய்ந்து வருபவனுக்கும் பந்துக்காரனுக்கும் நடுவில் அவன்ர கூட்டாளி போய்த் தன் உடம்பைக் குறுக்கே வைக்கலாம். அதுவும் சட்டம். ஆனால் அந்த வருசம் அதை ஒருத்தரும் செய்யவில்லை. பந்தைக் கொடுத்தவன் கொடுத்த இடத்திலேயே நின்றுவிடுவான். தப்பினேன் என்று மூச்சு விடுவான்.

தர்மினி அவருக்குக் குரு. வயதில் மகள் மாதிரி. நாயகம் அந்த ஊருக்கு வந்து சேர்ந்த காலம், ஆட்டத்தின் தலையும் காலும் விளங்காமல் வேலியோடு சாய்ந்து நின்றவரை உள்ளே கூப்பிட்டவள் அவள்தான். அப்போது பெண்கள் அணிக்குக் கப்டன். முழங்கால் உடைந்த பிறகு அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். நொண்டி நடப்பாள், ஆனால் பிந்தி வரமாட்டாள்.

அவளைப் பற்றி ஊரில் ஒரு குறை இருந்தது. கேட்டதுக்கு மறுமொழி சொல்லமாட்டாள், வேறு ஏதாவது செய்வாள் என்று.

அந்த வருசம் ஆண்கள் அணி ஒரு ஆட்டமும் வெல்லவில்லை.

வென்றால் மட்டும் தோளில் தோளாகக் கை போட்டு, வட்டமாக நின்று கிளப்பின் பாட்டைப் பாடுவது அங்கே வழக்கம். அந்த வருசம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பாட்டு எப்படித் தொடங்கும் என்றே தெரியாது.

கடைசி ஆட்டம் ஒன்று மிஞ்சியிருந்தது. அதிலே, அதிசயம், ஒரே ஒரு புள்ளியால் முன்னுக்கு நின்றார்கள்.

ஆட்டம் முடிகிற சைரன் ஊத இன்னும் ஒரு நிமிடம் இல்லை. பந்து கப்டன் பிரெண்டன் கையில். எதிரிகள் வருவதைக் கண்டான். பக்கத்தில் நின்றவனுக்குக் குத்தினான். அவன் இன்னொருவனுக்கு. அவன் பின்னால் நின்றவனுக்கு. சுடுகிற தணலைக் கை மாற்றுகிற மாதிரி, பந்து பின்னுக்குப் பின்னுக்குப் போய், கடைசியில் கோல் வாசலில் நின்ற செலஸ்ரினின் நெஞ்சில் வந்து விழுந்தது.

பந்தோடு மூன்று எதிரிகளும் வந்தார்கள்.

அவனுக்குப் பின்னால் கம்பங்கள் மட்டுந்தான் நின்றன. கம்பத்துக்குப் பந்து கொடுக்க ஏலாது.

விழுந்தான். தோளெலும்பு முறிந்தது. பந்து உருண்டது. எதிரி ஒருத்தன் அதைக் கம்பங்களுக்கு நடுவால் உதைத்தான். சைரன் ஊதினது.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் பார்த்தார்கள். செலஸ்ரின் பந்தை விட்டான்.

செலஸ்ரின் மன்னார்ப் பக்கம். கோழித் தொழிற்சாலையில் வேலை. பெண்சாதி பிள்ளைகள் இன்னும் வந்து சேரவில்லை. கிழமை முழுக்க ஒருத்தரோடும் கதைக்காத மனிதன், சனிக்கிழமை கிளப்பின் பச்சைச் சட்டையைப் போட்டதும் பகிடி விடத் தொடங்குவான். சனிக்கிழமை இருக்கிற படியால்தான் வெள்ளிக்கிழமை வரைக்கும் மூச்சு விடுகிறேன் என்று ஒருமுறை நாயகத்திடம் சொன்னவன்.

இப்போது அந்தச் சட்டையைத்தான் கழற்றச் சொல்லப் போகிறார்கள்.

கிளப்பை அடியிலிருந்து திரும்பக் கட்டி எழுப்பப் போகிறார்களாம். ஞாயிறு பின்னேரம் கூட்டம். தலைவர் கார்சன் நாயகத்தைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: பின்வரிசையில்தான் ஓட்டை, யார் போக வேண்டும் என்று கூட்டத்தில் நீர்தான் பேர் சொல்ல வேண்டும். பேர் சொல்ல முடியாவிட்டால் உம்மையும் யோசிக்க வேண்டி வரும்.

இதையெல்லாம் நாயகம் எலுமிச்சை மரத்தடியில் நின்று சொல்லி முடித்தார்.

"பேரை நீ சொல்லு, பிள்ளை" என்றார். "நீ சொன்னா அவையள் கேப்பினம். செலஸ்ரின் எண்டாலும் சரி, வேற ஆர் எண்டாலும் சரி. என்ர வாயால வரவேண்டாம்."

தர்மினி காய்களைக் கூடையில் போட்டாள். படிக்குக் கீழே கிடந்த பழைய பந்தை எடுத்தாள். முட்டியால் குத்தி அவரிடம் அனுப்பினாள்.

அவர் பிடித்து, பிடித்த கையோடு திருப்பிக் குத்தினார்.

அவள் மறுபடியும் அனுப்பினாள். அவர் மறுபடியும் குத்தினார். இன்னும் வேகமாக. இன்னும். இன்னும். பந்து அவர் கையில் ஒரு கண் சிமிட்டும் நேரம்கூட நிற்கவில்லை.

"கெட்டித்தனம்" என்றாள் அவள். "நாளைக்கு விடிய மைதானத்துக்கு வாங்கோ. காலில சப்பாத்தோட."

"பேரைச் சொல்லேல்லையே?"

அவர் கையில் நாலு எலுமிச்சங்காயைத் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை விடியப் பனிப்புகார், வெள்ளையாய் மூடிக் கிடந்தது. ஏரியும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. மைதானத்தின் நடுவில் நின்றால் வேலி இருக்கிறதா என்று சந்தேகம் வரும்.

தர்மினி அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கோல் வாசலில் நிறுத்தினாள். செலஸ்ரின் விழுந்த இடம். புல் இன்னும் உழுத மாதிரிக் கிடந்தது.

"இதிலயே நில்லுங்கோ" என்றாள்.

"நிண்டு?"

அவள் புகாருக்குள் நடந்து போனாள். ஒரு கால் சத்தம், ஒரு இழுவைச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

நாயகம் நின்றார்.

தூரத்தில் ஒரு சத்தம். தப். தோலில் முட்டி படுகிற சத்தம். பெண்கள் அணிப் பிள்ளைகள் என்று நினைத்தார். ஆனால் ஒருத்தரையும் காணவில்லை.

தப். கொஞ்சம் கிட்ட.

தப். இடப்பக்கம்.

ஓடுகிற கால்களின் சத்தம் நிலத்துக்குள்ளால் அவருடைய பாதத்துக்கு வந்தது. எத்தனை பேர் என்று தெரியாது. எங்கேயிருந்து என்று தெரியாது.  சும்மா பயிற்சிதானே என்று மனம் சொன்னது. கால் அதைக் கேட்காமல் ஒரு அடி பின்னுக்குப் போனது.

தப்.

புகாரைக் கிழித்துக்கொண்டு பந்து வந்தது. நெஞ்சில் மோதினது. கை தானாகப் பிடித்துக்கொண்டது.

பந்துக்குப் பின்னால் மூன்று பேர். தலை குனிந்தபடி, தோளை முன்னுக்கு நீட்டியபடி, முழு வேகம்.

நாயகம் பந்தை நீட்டினார். இடப்பக்கம் நீட்டினார். ஆளில்லை. வலப்பக்கம் நீட்டினார். ஆளில்லை. பின்னால் திரும்பினார். கம்பம் நின்றது.

அப்போது புகாருக்குள்ளிருந்து ஒரு குரல். "குடு! குடு! வைச்சிருக்காதை, குடு!"

தர்மினியின் குரல். ஆனால் கத்தின விதம் நாயகத்தினுடையது. வருசம் முழுக்க எல்லைக் கோட்டில் நின்று அவர் கத்தின அதே கத்தல், அதே தொண்டைக் கரகரப்பு.

மூன்று பேரும் ஒரு சாண் தூரத்தில் நின்றார்கள். ஒருத்தியின் மூச்சு அவர் முகத்தில் சுட்டது. இன்னொருத்தி, பயந்துபோனீங்களோ அங்கிள் என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினாள்.

நாயகத்தின் இரண்டு கையும் இன்னும் நீட்டியபடியே இருந்தன. பந்தோடு. வெறும் காற்றுக்கு.

அவர் ஈரப் புல்லில் அப்படியே இருந்துவிட்டார்.

அந்தக் கத்தல் அவருக்கு எங்கேயிருந்து வந்தது தெரியுமோ? போர் நடந்த வன்னியிலிருந்து வந்தது. மேலே விமானம் இரைந்தால் கையில் இருப்பது சோற்றுப் பானையென்றாலும் அதே இடத்தில் விட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓட வேண்டும். விடாமல் பிடித்திருந்தவர்களை அவர் பிறகு பார்த்திருக்கிறார். பானையும் பக்கத்தில் கிடந்தது. ஆகவே அவர் தன் அணிப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார். வைத்திருக்காதே. கொடு.

தர்மினி நொண்டி நொண்டி வந்து பக்கத்தில் நின்றாள்.

"வைச்சிருந்தா மிதிச்சுப் போடுவாங்கள், பிள்ளை" என்றார் அவர்.

"ஓம்."

"தனிய ஒருத்தன் அதை எப்பிடித் தாங்கிறது?"

அவள் குனிந்து, அவர் கையிலிருந்த பந்தை மெல்ல எடுத்து, அவருடைய நெஞ்சோடு வைத்து அழுத்தினாள். பிறகு போய்விட்டாள்.

இரவு அவர் நித்திரை கொள்ளவில்லை. கண்ணை மூடினால் சைரன்.

ஞாயிறு பின்னேரம் கிளப் மண்டபத்தில் கூடினார்கள். சுவர் முழுக்க வென்ற வருசங்களின் படங்கள். படத்திலிருந்தவர்கள் எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள். கீழே இருந்தவர்கள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

கதவடியில் செலஸ்ரின். கை தூளியில் தொங்கினது. யாரும் வரச் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஒரு கையை நுழைக்க ஏலாமல், அந்தப் பக்கம் வெறுஞ்சட்டை ஆடினது. நாயகத்தைப் பார்த்துத் தலையாட்டினான். கும்பிடுகிற மாதிரி இருந்தது.

நாயகத்தால் அங்கே நிற்க முடியவில்லை. போய், கார்சன் ஆட்கள் இருந்த மேசைக்கு இந்தப் பக்கம் தனியாக இருந்தார். கடைசிக் கதிரை வரிசையில் தர்மினி.

கார்சன் தொடங்கினார். ஒருத்தரையும் குற்றம் சொல்ல வரவில்லை என்றார். ஆனால் கட்டி எழுப்புவதென்றால் எதையாவது இடிக்கத்தான் வேண்டும். செயலாளரின் எண்ணம் என்ன என்று திரும்பினார்.

தப், என்று கேட்டது நாயகத்துக்கு.

செயலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். தான் மைதானத்தில் நிற்கிறவன் இல்லை, கப்டனுக்குத்தான் தெரியும் என்றார்.

தப்.

பிரெண்டன் தன் சப்பாத்தைப் பார்த்தான். அன்று முதலில் பந்தைக் கொடுத்தவன் அவன்தான். தான் விளையாடுகிறவன் மட்டுந்தான், ஆளைத் தெரிவு செய்வது பயிற்சியாளர் என்றான். சொல்லிவிட்டு மூச்சு விட்டான்.

தப்.

எல்லாக் கண்ணும் நாயகத்தின்மேல் விழுந்தன.

ஒரு பேர். ஒரு பேரைச் சொன்னால் போதும், எழும்பி வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிக்கலாம். அடுத்த வருசமும் எல்லைக் கோட்டில் நிற்கலாம். அந்தப் பேரின் முதல் எழுத்து நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மடியிலிருந்த தன் இரண்டு கையும் கதவுப் பக்கமாக நீண்டிருப்பதை அப்போதுதான் கண்டார்.

கையை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

எழும்பினார்.  அவருக்குத் தெரிந்த இங்கிலீசு கொஞ்சம், அன்றைக்கு அதிலும் பாதி ஓடிவிட்டது. இருந்ததை வைத்துச் சொன்னார். அவர் சொன்னது இதுதான்.

"வருசம் முழுக்கக் குடு குடு எண்டு கத்தினது நான். இவையள் நான் சொன்னதைத்தான் செய்தவை. அண்டைக்குச் செலஸ்ரின்ர நெஞ்சில வந்து விழுந்தது பந்தில்லை, என்ர பயம். நான் ஒருத்தற்ற பேரும் சொல்லமாட்டன். இது என்னட்ட நிக்கட்டும்."

கதவடியில் செலஸ்ரின் சுவரில் சாய்ந்தான்.

 பிறகு கார்சன் எழும்பினார். பெரிய மனிதர், மேசையில் இரண்டு கையையும் ஊன்றி முன்னுக்குச் சரிந்தார். அப்படியென்றால் போக வேண்டிய ஆள் நீர்தானா என்று கேட்டார். செயலாளரும் எழும்பினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் எழும்பினார்.

மூன்று பேர்.

நாயகம் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார்.  கை மட்டும் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கதிரைக் கால் பலகைத் தரையில் இழுபடுகிற சத்தம்.

ஒரு அடி. ஒரு இழுவை. ஒரு அடி. ஒரு இழுவை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தர்மினி அவசரப்படவில்லை. கதிரையை இழுத்துக்கொண்டு வரிசைகளைத் தாண்டி வந்தாள். நாயகத்தைத் தாண்டினாள். அவருக்கும் மேசைக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் கதிரையைப் போட்டாள். அவருக்கு முதுகைக் காட்டி, கார்சனுக்கு முகத்தைக் காட்டி இருந்தாள். உடைந்த காலை நீட்டி, கையைக் கட்டிக்கொண்டாள்.

கார்சன் மரியாதையாகத்தான் சொன்னார், உம்மால் பயிற்சியாளரின் முகம் எனக்குத் தெரியவில்லை என்று.

சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் சரிந்து எட்டிப் பார்த்தார்.

அவளும் கதிரையைச் சன்னல் பக்கம் அரக்கி, மறுபடியும் குறுக்கே இருந்தாள்.