நானூற்றுக்குக் கீழே

வருடம் முழுவதும் சும்மா உட்கார்ந்திருப்பான். என்றாவது ஒருநாள் வேலை செய்தால் ஊரே அவனைத் திட்டும். அன்றைக்கு வேலை செய்யாவிட்டாலோ ஓர் உயிர் போகும். யார் அவன்? யோசித்துச் சொல்லுங்கள்.

அவன் பெயர் ரிலே. ஒரு துணை மின்நிலையத்தின் இரும்பு அலமாரிக்குள் இருந்தான். கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று ஓயாமல் கவனிப்பதுதான் அவன் பிழைப்பு. எங்காவது கம்பி அறுந்து விழுந்தால் மின்சாரம் தாறுமாறாகப் பாயும். உடனே பக்கத்திலிருக்கும் பிரேக்கரை அதட்டுவான். பிரேக்கர் குதித்து வழியைத் துண்டித்துவிடும். ஊர் இருளும், விழுந்த கம்பி செத்துவிடும்.

அவனுக்கு ஒரே கட்டளைதான். நானூறு ஆம்பியரைத் தாண்டினால் துண்டி. அதற்குக் கீழே வாயைத் திறக்காதே. பத்து கிலோமீட்டர் கம்பிக்காகக் கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்த எண் அது.

ஒருநாள் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி வந்து உட்கார்ந்தது. தானியங்கி என்றார்கள். வந்த வாரமே அது குதூகலமாகக் கூவியது:

"அண்ணாச்சி, அடுத்த ஊர் மின்நிலையம் படுத்துவிட்டது. அதன் கம்பியை நம் கம்பியோடு சேர்த்துவிட்டேன். ஊர்க்காரர்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது!"

ரிலேக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இப்போது என் கம்பி எவ்வளவு நீளம்?"

"முப்பது கிலோமீட்டர்."

"அந்தக் கோடியில் கம்பி விழுந்தால் இவ்வளவு தூரம் தாண்டி என்னிடம் என்ன வந்து சேரும்? இருநூறு வந்தால் அதிகம். என் நானூற்றைக் குறைத்தாயா?"

"வழியை மாற்றுவதுதான் என் பிரிவு அண்ணாச்சி. எண்ணை மாற்றுவது வேறு பிரிவு."

"அவர்களிடம் சொன்னாயா?"

"சொல்லச் சொல்லி என்னிடம் யாரும் சொல்லவில்லையே."

"தூ! வீட்டுக்குப் புதிதாக வாசல் வெட்டிவிட்டுக் காவல்காரனிடம் மறைத்துவிட்டாயே!"

மேஜையிலிருந்த ஆபரேட்டர் அருளப்பன் போனில் சிரித்துக்கொண்டிருந்தார். "புதுப் பெட்டி அருமை சார். காலையில இருந்து ஒரு டிரிப் கிடையாது, ஒரு தடவகூட லைன் கட் ஆகல."

மதியம் காற்று வீசியது. முப்பதாவது கிலோமீட்டரிலிருந்து கம்பி அலறியது.

"அறுந்துட்டேன் அண்ணே! தேரிக்காட்டுப் பாதையில, காஞ்ச மணல்ல கிடக்கேன். இன்னும் உயிரோடதான் கிடக்கேன். சீக்கிரம் என்னைக் கொல்லுங்க!"

"ம், சொல்லுங்க. குதிக்கிறேன்!" என்றது பிரேக்கர்.

ரிலே எண்ணைப் பார்த்தான். நூற்றுத் தொண்ணூறு.

"வாய் திறக்க முடியவில்லையடா!" என்று குமுறினான். "நானூற்றுக்குக் கீழே எது வந்தாலும் நாலு மோட்டார் ஓடுகிறது என்று நினைத்துச் சும்மா இருக்கச் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்னை!"

"ஒரு ஆள் வர்றாரு அண்ணே. கூட ஒரு பிள்ளை." கம்பி மறுபடி அலறியது.

மீன் விற்கும் சுயம்பு மொபெட்டை நிறுத்தினார். நடுவில் ஐஸ் பெட்டி, பின்னால் மகள் பொன்ரதி. அவர்கள் பேசியதெல்லாம் கம்பி வழியே ரிலேக்குக் கேட்டது.

"கம்பி கிடக்குப்பா. போவாண்டாம்."

"ஏட்டி, ஊர்ல கரண்டு போயிட்டுல்லா? கரண்டு போனா கம்பி செத்துட்டுன்னு அர்த்தம். நான் எத்தன கம்பிய ஒதுக்கிப் போட்டிருக்கேன்!"

அவர் சொன்னது நேற்றுவரை உண்மை. ஊர் இருண்டால், எங்கோ ஒரு ரிலே தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள். இன்றைக்கு ஊர் இருண்டது கம்பி அறுந்ததால் மட்டுமே; அறுந்த முனையில் மின்சாரம் இன்னும் இருந்தது. அதை அவரிடமும் யாரும் சொல்லவில்லை.

"மணல் பொகையுதுப்பா."

"வெயிலுக்குப் பொகையும். ஐஸ் உருகுதுட்டி, நீ தள்ளு." உடைமரத்தில் ஒரு பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு நடந்தார்.

"தொடாதேயும் ஐயா!" ரிலே இரும்பு அலமாரிக்குள் கத்தினான். "ஏ வெள்ளைப் பெட்டியே, அறுத்துவிடு! நீ சேர்த்ததை நீயே அறுத்துவிடு!"

"கம்பி விழுந்தால் நீங்கள் பிரேக்கரை அதட்டுவீர்கள், அப்போது அறுக்கலாம் என்றுதான் எனக்குக் கட்டளை. நீங்கள்தான் இன்னும் அதட்டவில்லையே அண்ணாச்சி."

"என் நாக்கைக் கட்டியவனே, ஏன் அதட்டவில்லை என்றா கேட்கிறாய்!"

எண் இருநூற்றைத் தொட்டது. இருநூற்றைந்து. நானூறு வெகு தொலைவில் இருந்தது.

பொன்ரதி ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். அவர் உதறினார். "அப்பா சொன்னா கேக்கணும். தள்ளிப் போ, ஏட்டி!"

பிள்ளை அப்பாவின் மணிக்கட்டைக் கடித்தது. கிளை கீழே விழும்வரை விடவில்லை.