கடற்குதிரைக்கு ஒரு பழைய தொட்டி

ஒரு காட்டில், சவுக்கு மரங்கள் முடிந்து கடல் மணல் தொடங்குகிற ஓரத்தில், ஒரு முள்ளெலி தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. அதற்குக் கூச்சம் அதிகம். யாராவது சத்தமாகப் பேசினால் போதும், சட்டென்று உருண்டையாகச் சுருண்டுவிடும். ஆனால் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் பாதியில் விடாது.

அப்போது கச்சான் காற்றுக் காலம். மேற்கேயிருந்து வறண்ட காற்று ஓயாமல் அடித்தது. கடல் கொந்தளித்துக் கிடந்தது.

ஒரு நாள் காலையில் இரை தேடிப் போன முள்ளெலி, மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் தேங்கிய ஒரு சின்னக் குழியில் ஏதோ அசைவதைப் பார்த்தது. எட்டிப் பார்த்தால், விரல் நீளத்தில் ஒரு கடற்குதிரை.

"பெரிய அலை இங்கே தூக்கி எறிந்துவிட்டது, தாயே," என்றது கடற்குதிரை. "இந்தக் கொந்தளிப்பில் திரும்பிப் போனால் பாறையில் அடிபட்டுச் சாவேன். இங்கேயே கிடந்தால் இரண்டு நாளில் குழி வற்றிவிடும். நான் மட்டும் என்றால் போகட்டும். என் வயிற்றைப் பார்."

வயிறு புடைத்துக்கொண்டு இருந்தது.

"அம்மாவா நீங்கள்?"

"அப்பா. எங்கள் இனத்தில் அப்பாதான் பிள்ளைகளைச் சுமப்பது."

முள்ளெலிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டது. "எத்தனை பிள்ளைகள்?"

"எண்ணவில்லை. நூற்றுக்குக் குறையாது."

மூன்று குட்டிகளுக்கே மூச்சு வாங்குகிற முள்ளெலி, குழியை இன்னொரு முறை எட்டிப் பார்த்தது. பிறகு சொன்னது: "கவலையை விடுங்கள் அண்ணா. கடல் அடங்குகிற வரைக்கும் இருக்க, உங்களுக்கு நான் ஒரு குட்டிக் கடல் செய்து தருகிறேன்."

அந்தக் காட்டில் பழைய சாமான் என்றால் நரிதான். கரை ஒதுங்கியது, மனிதர்கள் வீசிவிட்டுப் போனது எல்லாம் அதன் குகை வாசலில் குவிந்து கிடக்கும். நரிக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. தெரியாவிட்டாலும் சொல்லும்.

முள்ளெலி இரண்டு வெள்ளரிப்பழங்களை உருட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னது. கூடவே, சுமை தூக்க, குரங்கையும் அழைத்துப் போயிருந்தது. குரங்கு நல்லது. ஆனால் அவசரக் குடுக்கை.

"மீன் தொட்டிதானே தங்கச்சி? சரியான ஆளிடம் வந்திருக்கிறாய்," என்று நரி இரண்டு கண்ணாடித் தொட்டிகளை இழுத்துப் போட்டது. ஒன்று பளபளவென்று இருந்தது. மற்றொன்று அழுக்கும் கீறலுமாக, விளிம்பு உடைந்து கிடந்தது. "பளபளப்பதை எடுத்துக்கொள். புதுசு மாதிரி."

"எடு அக்கா, போகலாம்," என்று குரங்கு தொட்டியைத் தூக்கியே விட்டது.

"கீழே வை," என்றது முள்ளெலி. காய்ந்த மணலைப் பரப்பி, இரண்டு தொட்டிகளையும் அதன்மேல் வைக்கச் சொன்னது. இரண்டிலும் தண்ணீர் நிரப்பச் சொன்னது. நிரப்பிவிட்டு, பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

"என்ன செய்கிறாய்?" என்று கேட்டது நரி.

"காத்திருக்கிறேன் அண்ணா."

"என் சாமானையே சந்தேகப்படுகிறாயா?" நரியின் குரல் உயர்ந்தது. முள்ளெலி உருண்டையாகிவிட்டது. ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில், பளபளத்த தொட்டியின் அடியில் மணல் நனைந்து கறுத்திருந்தது. அழுக்குத் தொட்டியின் அடியில் மணல் காய்ந்தபடியே இருந்தது.

"இது போதும் அண்ணா," என்று முள்ளெலி அழுக்குத் தொட்டியைக் காட்டியது. நரி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு பை பழைய மணலையும் ஒரு ரப்பர் குழாயையும் அதோடு சேர்த்துக் கொடுத்தது.

முள்ளெலி தொட்டியைத் தேய்த்துக் கழுவியது. மணலை அரிசி களைவதுபோல, தெளிந்த தண்ணீர் வருகிற வரைக்கும் களைந்தது. குழாயில் தண்ணீரை விட்டபோது எறும்புக் கூட்டம் ஒன்று குடும்பத்தோடு வெளியே வந்தது. தாழம்புதர் நிழலில் தொட்டியை வைத்து, மணலைப் பரப்பி, கடற்புல் கொத்து ஒன்றைக் கல்லில் கட்டி நட்டது. குரங்கு சிரட்டை சிரட்டையாகக் கடல் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பியது.

கடற்குதிரை குட்டிக் கடலுக்குக் குடிவந்தது. வாலால் புல்லைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக மூச்சுவிட்டது. காலையும் மாலையும் குரங்கு கன்னம் உப்ப உப்பக் குழாயில் ஊதும். தண்ணீரில் குமிழ் குமிழாகக் காற்று ஏறும். அலையோரத்தில் அள்ளிய சென்னாக்கூனி என்கிற பொடி இறால்களைப் போட்டால், கடற்குதிரை ஒவ்வொன்றாக உறிஞ்சித் தின்னும்.

காற்று மட்டும் நிற்கவில்லை. தொட்டியில் தண்ணீர் நாளுக்கு ஒரு விரல் குறைந்தது. குறைந்த இடத்தைக் குரங்கு கடல் தண்ணீரால் நிரப்பிவிடும். தினமும் பார்க்க வந்த நரி, அதை மெச்சிக்கொள்ளும்.

"அப்படித்தான். கடல் உயிருக்குக் கடல் தண்ணீர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?"

பத்தாம் நாள் கடற்குதிரையின் வால் புல்லை விட்டு நழுவியது. அது சாய்ந்தபடி மிதந்தது. இறாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கடல் தண்ணீர் பற்றவில்லை," என்றது நரி. "இன்னும் நாலு சிரட்டை ஊற்று."

குரங்கு ஓடிப் போய்க் கொண்டுவந்து ஊற்றியது. கடற்குதிரை இன்னும் துவண்டது.

"தாயே," என்றது மெல்ல. "வயிற்றில் பிள்ளைகள் அசைவது குறைந்துவிட்டது."

மணலைத்தான் ஒழுங்காகக் களையவில்லையோ? குழாயில் ஏதாவது இருந்ததோ? முள்ளெலி தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. கண்ணாடி ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தது. உப்பு.

முள்ளெலி நின்றுவிட்டது. சிரட்டையில் மீதியிருந்த கடல் தண்ணீரை ஒரு சொட்டு நக்கியது. கரித்தது. பிறகு தொட்டித் தண்ணீரை ஒரு சொட்டு நக்கியது. நாக்கே எரிந்தது.

"குரங்குத் தம்பி, மணல் ஊற்றுக்கு ஓடு. நல்ல தண்ணீர் கொண்டுவா."

"குடிக்கவா அக்கா?"

"தொட்டியில் ஊற்ற."

நரி குதித்தது. "கடல் உயிருக்கு நல்ல தண்ணீரா? இந்தக் காட்டில் யாராவது செய்வார்களா இதை? பேசாமல் சட்டியில் போட்டுக் குழம்பு வைத்துவிடேன்."

அந்தச் சத்தத்தில் முள்ளெலி சுருண்டுகொண்டது. ஆனால் உருண்டைக்குள்ளிருந்தே தெளிவாகப் பேசியது.

"காற்று தண்ணீரை மட்டும்தான் குடிக்கிறது அண்ணா. உப்பை இங்கேயே துப்பிவிட்டுப் போகிறது. பத்து நாளாக நாமும் உப்புமேல் உப்பாகக் கொட்டியிருக்கிறோம். தம்பி, நீ போ."

குரங்கு நரியைப் பார்த்தது, உருண்டையைப் பார்த்தது. பிறகு ஊற்றுக்கு ஓடியது.

"மொத்தமாகக் கவிழ்க்காதே," என்று முள்ளெலி தலையை நீட்டியது. "திடீரென்று மாற்றினால் அந்த உடம்பு தாங்காது. தொட்டியிலிருந்து ஒரு சிரட்டை எடு. ஊற்றுத் தண்ணீர் ஒரு சிரட்டை விடு. கொஞ்சம் பொறு. மறுபடியும் எடு, மறுபடியும் விடு."

குரங்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பொறுமையாக ஒரு வேலை செய்தது. ஒவ்வொரு சிரட்டைக்கும் முள்ளெலி ஒரு சொட்டு நக்கிப் பார்த்தது. அன்றும் மறுநாளும் இதே வேலைதான். கடைசியில் தொட்டித் தண்ணீரும் கடல் தண்ணீரும் நாக்குக்கு ஒன்றுபோலவே கரித்தன.

மூன்றாம் நாள் காலையில் கடற்குதிரை புல்லைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தது. "இறால் இருக்கிறதா தாயே?" என்று கேட்டது. முள்ளெலி குனிந்துகொண்டது. அதற்குக் கண் கலங்கியிருந்தது.

அதற்கப்புறம் குறைந்த இடத்தை எல்லாம் ஊற்றுத் தண்ணீரே நிரப்பியது. ஒரு வாரத்தில் காற்று அடங்கியது. கடல் அமைதியானது.

கடற்குதிரையை வழியனுப்ப நரியும் வந்திருந்தது. "நான் சொன்னதில் என்ன தப்பு தங்கச்சி? கடல் உயிருக்குக் கடல் தண்ணீர் என்றுதானே சொன்னேன்?"

"தப்பில்லை அண்ணா," என்றது முள்ளெலி. "முதல் நாள் நிரப்புவதற்கு அது சரி."

குரங்கு கடற்குதிரையைச் சிரட்டையில் ஏந்திக் கொண்டுபோய், கரையோரம் கடற்புல் வளர்ந்த தண்ணீரில் விட்டது. கடற்குதிரை ஒரு புல்லைப் பிடித்துக்கொண்டு உடம்பை முன்னும் பின்னும் வளைத்தது. வயிற்றுப் பை திறந்தது. நூல் நுனி அளவில் குட்டிக் குதிரைகள், பத்து, இருபது என்று புறப்பட்டு வந்துகொண்டே இருந்தன. குரங்கு எண்ணத் தொடங்கி, நூற்றுப் பன்னிரண்டில் குழம்பிப்போய் விட்டுவிட்டது.

நீதி: குறைந்ததை நிரப்பும் முன், குறைந்தது எது என்று பார்.