வீரபாகு காரின் சக்கரத்துக்கு மூன்று கோட்டு

மேலக்குளத்தில் மாவுமில் வைத்திருந்த வீரபாகுவுக்கு ஒரு பழைய வெள்ளைக் காரும், இசக்கியப்பன் என்று ஒரு மச்சினனும் உண்டு. இரண்டையும் தள்ளிவிட்டால்தான் கிளம்பும். இசக்கியின் கூட்டாளி சொரிமுத்து எங்கே போனாலும் கூடவே வருவான். மூவரில் தான்தான் விவரமானவன் என்று வீரபாகுவுக்கு ஒரு நினைப்பு. தனியாக இருக்கும்போது அதை எண்ணி அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

இசக்கிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கார்தான். கல்யாணம் பேச வந்த பெண்ணின் தாய்மாமன், வாசலில் நின்ற காரின் துருப்பிடித்த சக்கரங்களைக் குனிந்து பார்த்து, "வண்டிக்கு மஞ்சக்காமாலையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். வீரபாகுவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

புதுச் சக்கரம் வாங்க மில்லை விற்க வேண்டியிருக்கும். பெயிண்ட் கடைக்காரர் வெள்ளி நிற ஸ்ப்ரே டப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"வீட்டிலேயே அடிச்சுக்கலாம் அண்ணாச்சி. நல்லாக் குலுக்கிக்கோங்க. டயரை மறைச்சிருங்க. ஒரு அடி தள்ளி நின்னு அடிங்க. மூணு கோட்டு அடிச்சா வண்டி புதுசு மாதிரி ஆயிரும்."

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் தூக்கிப் பத்திரமாக மாடத்தில் வைத்துவிட்டு, மூவரும் காரைப் பிடித்துக் குலுக்கினார்கள். சீட்டுக்கு அடியில் அடைகாத்த கோழி வெளியே ஓடியது. பின்னாலேயே ஒரு பக்கக் கண்ணாடி கழன்று விழுந்தது.

"போதுமா அண்ணாச்சி?" என்றான் சொரிமுத்து.

"நல்லாக் குலுக்கச் சொன்னாரே. இன்னொரு கண்ணாடியும் விழட்டும்."

விழுந்தது. அடுத்தது டயரை மறைப்பது. காரைச் செங்கல் மேல் ஏற்றி, நாலு சக்கரத்தையும் கழற்றிச் சொரிமுத்துவிடம் கொடுத்தார்கள். அவன் வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தான். வீரபாகு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடிப்பதற்கு எதுவும் அகப்படவில்லை.

"சக்கரத்தை எங்கலே வச்சே?"

"சொல்லிட்டா அது மறைச்சதா ஆகுமா அண்ணாச்சி?"

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. கடைசியில் அவன் வீட்டு வைக்கோல் போரிலிருந்து மாடுகளே சக்கரங்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தன. திரும்ப மாட்டி, காரைச் செங்கலிலிருந்து இறக்கினார்கள்.

"ஒரு அடி தள்ளி, நின்னு, அடிக்கணும்," என்று இசக்கி ஞாபகப்படுத்தினான்.

ஒரு அடிதான் தள்ளினார்கள். தெரு சரிவாக இருந்தது காருக்குத் தெரிந்திருக்கிறது. அது பாட்டுக்கு இறங்கிப் போக, வீரபாகு டப்பாவை அழுத்தியபடியே பின்னால் ஓடினார். பால்காரரின் சைக்கிள், ஒரு நாய், பஞ்சாயத்துக் குழாய் எல்லாம் வெள்ளியாயின. குழாயில் முட்டி நின்ற காரின் சக்கரம் மட்டும் துரு மாறாமல் இருந்தது.

"மூணு கோட்டு அடிக்கலையே, எப்படி மாறும்?" என்றான் இசக்கி.

கோட்டுக்கு அலைந்தார்கள். இசக்கியின் கல்யாணக் கோட்டு ஒன்று. வீரபாகுவின் கல்யாணக் கோட்டு இன்னொன்று. மூன்றாவதைப் பேண்டு வாத்தியக்காரரிடம் கெஞ்சி வாங்கினார்கள். மூன்றையும் கொடியில் போட்டு, டப்பா தீரும்வரை அடித்தார்கள். காய்ந்ததும் கோட்டுகள் தகரம்போல விறைத்துக்கொண்டு பளபளத்தன.

"சக்கரம் அப்படியேல்லா இருக்கு அத்தான்!"

வீரபாகு யோசித்தார். இந்த மண்டையை வைத்துக்கொண்டு மில் ஓட்டுவதே பெரிய காரியம் என்று தன்னையே நொந்துகொண்டார். பிறகு முகம் மலர்ந்தது. "மட்டிப் பயலுகளா! கோட்டைச் சக்கரத்துக்குப் போட்டுவிடணும்லே!"

மூன்று சக்கரங்களுக்கும் கோட்டு மாட்டி, பொத்தான் போட்டு, கயிற்றால் கட்டினார்கள். நாலாவது சக்கரம் அம்மணமாக நின்றது.

"கார்னா நாலு சக்கரம்னு கடைக்காரருக்குத் தெரியாதா?" என்றார் வீரபாகு.

"ஆட்டோன்னு நெனச்சிருப்பாரு," என்றான் சொரிமுத்து.

மறுநாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு. மேளம் முன்னே போக, வீரபாகு ஆமை வேகத்தில் ஓட்டினார். சக்கரம் சுற்றச் சுற்றக் கோட்டுக் கைகள் ஊருக்கே டாட்டா காட்டின. நாலாவது சக்கரத்தை மறைக்க, பட்டு வேட்டியை இரு கையாலும் விரித்துப் பிடித்தபடி, மாப்பிள்ளை இசக்கி குந்தினாற்போலவே கூட நடந்து வந்தான். ஜோடித்த காரை வெறுமையாகக் கொண்டுபோனால் அபசகுனம் என்று சொரிமுத்து உள்ளே உட்கார்ந்திருந்தான்.

மண்டபத்து வாசலில் தாய்மாமன் சக்கரங்களைப் பார்த்தார்; கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் குனிந்து பார்த்தார். வீரபாகுவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பம்பாயிலிருந்து வந்திருந்த பெண்ணின் பெரியம்மா, மாப்பிள்ளையை அதற்குமுன் பார்த்ததில்லை. கதவைத் திறந்து, சொரிமுத்துவுக்கு ஆரத்தி எடுத்து, நெற்றியில் பொட்டு வைத்து, மாலையையும் போட்டுவிட்டாள். "மாப்பிள்ளை ராஜா மாதிரில்லா இருக்காரு!" என்றாள். சொரிமுத்து அடக்கமாகத் தலைகுனிந்துகொண்டான்.

"பெரியம்மா, மாப்பிள்ளை நான்தான்!" என்று கீழேயிருந்து அலறினான் இசக்கி.

வீரபாகு ஜன்னல் வழியே தலையை நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"எந்திரிச்சிராதலே, சக்கரம் தெரியும்!"