மன்னர் படத்துக்கு ஒரு ஜாடி

பூவரசநாட்டு மன்னர் மகிழ்மாறனுக்கு ஐம்பது வயதில் ஓவியம் வந்தது. சிலருக்கு மூட்டுவலி வருவதைப் போல வந்தது. போகவில்லை.

பனிக்காலம் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு படம் தீட்டினார். மேலே சிவப்பு, கீழே பழுப்பு, நடுவில் ஏதோ ஒன்று. முதலில் அவையின் விகடகவி குழைக்காதரை அழைத்துக் காட்டினார்.

"எப்படி?"

"முடிந்துவிட்டதா, மகாராஜா?"

"முடிந்துவிட்டது."

"நல்லது" என்றார் குழைக்காதர்.

மன்னருக்கு அது போதவில்லை. "இதைத் தர்பாரில் மாட்டினால் எல்லோரும் புகழ்வார்கள். புகழ்ச்சி எனக்குப் பிடிக்கும். ஆனால் அது படத்துக்கா பட்டத்துக்கா என்று தெரியாது. அதனால் என் சொந்த மாளிகைக் கூடத்தில் ஒரு காட்சி வைக்கப் போகிறேன். நம் அரண்மனை ஓவியர் வல்லபராயரின் ஓவியங்களோடு இதுவும் இருக்கும். எதிலும் பெயர் இருக்காது. ஒவ்வொரு படத்துக்கும் பொருத்தமாக ஒரு புது ஜாடி. பொருத்தி வைக்கும் வேலை உன்னுடையது."

அந்த ஆண்டு நாட்டில் புதுப் பாணி மண்கலங்கள் வந்திருந்தன. கழுத்து சாய்ந்தவை, வாயே இல்லாதவை, வயிற்றில் வேண்டுமென்றே விரிசல் விட்டவை. பெரிய மனிதர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். எதற்கு என்று கேட்டவனைப் பட்டிக்காட்டான் என்றார்கள்.

"பொருத்திவிடுகிறேன்" என்றார் குழைக்காதர்.

"நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. விருந்தினர்கள் மற்ற எல்லாப் படங்களையும்விட என் படத்தின் முன்னால்தான் அதிக நேரம் நிற்க வேண்டும். வரைந்தது நான் என்று நீ மூச்சுவிடக் கூடாது."

"நிற்காவிட்டால்?"

பக்கத்திலிருந்த வல்லபராயர் தொண்டையைச் செருமினார். "உப்பளச் சாவடியில் அதிகாரி இடம் காலியாக இருக்கிறது, மகாராஜா. நம் குழைக்காதருக்குக் கடற்காற்று ஒத்துக்கொள்ளும்."

"நல்ல யோசனை" என்றார் மன்னர்.

சாவடியைச் சுற்றி உப்பைத் தவிர எதுவும் இல்லை. பேச்சுக் கொடுக்க ஆள் கிடையாது. பேசிப் பிழைக்கிற மனிதருக்கு அது தூக்குக்கு அடுத்த தண்டனை. குழைக்காதர் வல்லபராயரைப் பார்த்துக் கும்பிட்டார். "என் உடம்பின் மேல் உங்களுக்கு எவ்வளவு அக்கறை!"

காட்சி சித்திரை மாத உச்சி வெயிலில் தொடங்கியது. மன்னர் மாடியில் மரப்பின்னல் சாளரத்துக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தார். அவருக்குக் கண்பார்வை சற்று மங்கல். எதிர்ச் சுவரில் உயரத்தில் மாட்டிய தன் படமும், அதன் முன்னால் நிற்பவர்களின் முதுகுகளும் மட்டும் தெரிந்தன. அது போதும் என்று நினைத்தார்.

விருந்தினர்கள் வந்தார்கள். வல்லபராயரின் அன்னப்பறவையைத் தலையசைத்துக் கடந்தார்கள். வாயில்லா ஜாடியைச் சுற்றி வந்தார்கள். பிறகு மன்னரின் படத்துக்கு வந்து, நின்றார்கள்.

நின்றது மட்டுமல்ல. ஒவ்வொருவராகத் தலையைப் பின்னால் சாய்த்து அண்ணாந்தார்கள். கை மெல்ல மேலே எழுந்தது. அப்படியே அசையாமல் இருந்தார்கள். பிறகு, "அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டார்கள். போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். வரிசை வாசல்வரை நீண்டது.

சேனாபதி இடும்பனார் அண்ணாந்தவர் திடீரென்று குலுங்கினார். கண்களைத் துடைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவர் அவர் உச்சந்தலையில் மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

போர்க்களத்தில்கூடக் கண்கலங்காத மனிதர். மன்னரும் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி விருந்தினர் போனதும் மன்னர் குழைக்காதரை மாடிக்கு அழைத்தார். "இடும்பனைப் பார்த்தாயா? பாவம், தாங்க முடியவில்லை அவனுக்கு!"

"ஆமாம், மகாராஜா. எனக்கே பயமாகிவிட்டது."

அதற்குள் வல்லபராயர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "மோசடி, மகாராஜா! கீழே வந்து பாருங்கள்!"

மூவரும் இறங்கினார்கள். மன்னரின் படத்தின் கீழே பச்சை மெருகு பூசிய ஒரு ஜாடி இருந்தது. புதுப் பாணிக் கலங்களில் வாயும் அடியும் ஒழுங்காக இருந்த ஒரே ஜாடி. பக்கத்தில் மண்குவளைகள். வல்லபராயர் ஒன்றை ஜாடிக்குள் விட்டு மொண்டு நீட்டினார்.

பானகம். வெல்லம், சுக்கு, ஏலம், எலுமிச்சை எல்லாம் சரியாக இருந்தது. மன்னரும் அண்ணாந்துதான் குடித்தார்.

"அப்பாடா" என்றார். சொன்ன பிறகுதான் புரிந்தது.

"இடும்பன்?"

"புரையேறிவிட்டது, மகாராஜா. சுக்கு கொஞ்சம் தூக்கல்."

உப்பளச் சாவடி மிக அருகில் வந்து நின்றது போல் குழைக்காதருக்குத் தோன்றியது.

"மகாராஜாவை ஏமாற்றியிருக்கிறான்" என்றார் வல்லபராயர்.

"படத்துக்குப் பொருத்தமான ஜாடியை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன்" என்றார் குழைக்காதர். "ஜாடி வெறுமையாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே, ராயரே."

மன்னர் குவளையைக் கீழே வைத்தார். "சுற்றி வளைக்காதே. அவர்கள் நின்றது என் படத்துக்கா, பானகத்துக்கா?"

"அது எனக்கும் தெரியாது, மகாராஜா. ஆனால் கண்டுபிடிப்பது சுலபம். நாளைக்கும் விருந்தினர்கள் வருகிறார்கள். ஜாடியை எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் வைத்துப் பார்க்கலாம். மகாராஜா உத்தரவு கொடுத்தால், இப்போதே எடுத்துவிடுகிறேன்."

சொல்லிவிட்டு ஜாடியின் கழுத்தில் இரண்டு கைகளையும் வைத்தார்.

மன்னர் தன் படத்தை நிமிர்ந்து பார்த்தார். அன்று கையில் குவளையில்லாமல் அதன் முன்னால் நின்ற முதல் ஆள் அவர்தான். அதிக நேரம் நிற்கவில்லை.

"வேண்டாம்" என்றார். "வெயில் காலம். நாளைக்கு இதைவிடப் பெரிய ஜாடியாக வை."

பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றிக் குழைக்காதருக்குக் கொடுத்துவிட்டு, இன்னொரு குவளை பானகம் குடித்துவிட்டுப் போனார்.

வல்லபராயர் போகவில்லை. தூணருகே நின்று மேல்துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் வேறு யாரும் இல்லை என்று உறுதியானதும் குழைக்காதர் பக்கத்தில் வந்தார்.

"ஏனய்யா," என்றார் குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு என் அன்னப்பறவைக்குக் கீழே கொஞ்சம் நீர்மோர் வைக்க முடியுமா?"